ஸ்டெம் செல் ஊசி: எது சிகிச்சை, எது இன்னும் ஆய்வு?

மூட்டு தேய்மானம், சர்க்கரை, பக்கவாதம், குழந்தைக்கு ஆட்டிசம் என்று எதைச் சொன்னாலும் "ஸ்டெம் செல் போட்டா சரியாயிடுமாம்" என்கிற பேச்சு வடசென்னையில் இப்போது சர்வசாதாரணமாகக் காதில் விழுகிறது. வாட்ஸ்ஆப்பில் சுற்றும் வீடியோக்கள் ஒரு பக்கம். இன்சுலினை நிறுத்திய நோயாளிகள், பார்வை திரும்பியவர்கள் என்று செய்தித்தாளில் வரும் உண்மையான ஆய்வுச் செய்திகள் இன்னொரு பக்கம். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். வண்ணாரப்பேட்டையில் ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் பணம் கட்டலாமா என்று யோசிக்கும்போது, இந்தக் குழப்பம் வெறும் அறிவியல் குழப்பமாக இருப்பதில்லை.

எந்தச் செல், உடம்பில் எங்கே போகிறது, போய் என்ன செய்கிறது, அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்? இந்த நான்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தாலே பெரும்பாலான விஷயம் விளங்கிவிடும்.

அடிப்படை: ஸ்டெம் செல் என்பது என்ன

உடம்பிலுள்ள பெரும்பாலான செல்களுக்கு ஒரே வேலைதான். சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்கும், இதயத் தசைச் செல் சுருங்கி விரியும். ஸ்டெம் செல்லுக்கு, அதாவது குருத்தணுவுக்கு, இரண்டு தனித் திறமைகள் உண்டு. தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ளும். தேவைப்படும்போது வேறு வகைச் செல்லாக மாறும். பழுதான உறுப்பைச் செல்களைக் கொண்டே சீர்படுத்தலாம் என்ற மறுசீரமைப்பு மருத்துவத்தின் நம்பிக்கை முழுவதும் இந்த இரண்டாவது திறமையின் மேல் நிற்கிறது.

எல்லா ஸ்டெம் செல்லும் ஒன்றல்ல. வகை தெரியாமல் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

1. கரு ஸ்டெம் செல். கருத்தரித்த சில நாட்களே ஆன கருவிலிருந்து எடுப்பது. உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறும். மனிதக் கருவிலிருந்து இதை முதலில் பிரித்து வளர்த்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன், 1998இல்.

2. வளர்ந்த உடலிலேயே இருக்கும் ஸ்டெம் செல். எலும்பு மஜ்ஜையில் ரத்தத்துக்கு, தோலின் அடியில் தோலுக்கு, கருவிழியின் ஓரத்தில் கருவிழிக்கு என்று அந்தந்த இடத்துக்கு உரியது. ரத்த ஸ்டெம் செல் ரத்தம் செய்யும். மூளை செய்யாது.

3. பின்னோக்கித் திருப்பிய செல். சாதாரணத் தோல் செல்லில் நான்கு மரபணுக்களை இயங்க வைத்து அதைக் கருநிலைக்கே திருப்பலாம் என்று ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதச் செல்லிலும் காட்டினார். 2012இல் அவருக்கும் ஜான் கர்டனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

4. மீசென்கைமல் செல். மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடித் திசு ஆகியவற்றிலிருந்து சுலபமாக எடுக்கலாம், சுலபமாக வளர்க்கலாம். விளம்பரங்களில் வரும் "ஸ்டெம் செல்" பெரும்பாலும் இதுதான். ஊசியில் போட்டால் இது புது நரம்பாகவோ புது இதயத் தசையாகவோ மாறிவிடுவதில்லை. சில நாட்கள் இருந்து, வீக்கத்தைக் குறைக்கும் பொருள்களையும் ரத்தக்குழாய் வளரத் தூண்டும் பொருள்களையும் சுரந்துவிட்டு மறைந்துவிடுகிறது. அதற்கும் பயன் உண்டு. ஆனால் "புது உறுப்பு முளைக்கும்" என்பது வேறு கதை.

ரத்தத்தில் ஏன் ஜெயித்தது

உலகம் முழுக்க நிரூபணமான ஸ்டெம் செல் சிகிச்சை என்றால் அது எலும்பு மஜ்ஜை மாற்றுத்தான். டானல் தாமஸ் 1957இல் இதைத் தொடங்கினார், 1990இல் நோபல் பெற்றார். ரத்தத்துக்கென்று ஸ்டெம் செல் இருப்பதைக் கனடாவின் டில்லும் மெக்கல்லாவும் 1961இல் காட்டினார்கள். இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983இலும் வேலூர் சிஎம்சியில் 1986இலும் தொடங்கியது. ரத்தப் புற்றுநோய், தலசீமியா (ரத்தம் சரியாக உருவாகாத மரபு நோய்), ஏபிளாஸ்டிக் அனீமியா (மஜ்ஜை ரத்தம் செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும் நோய்) முதலியவற்றுக்கு இன்று இது வழக்கமான சிகிச்சை. சென்ட்ரல் எதிரேயுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு.

பெயரில் "மாற்று" என்று இருந்தாலும் நோயாளிக்கு அறுவை எதுவும் இல்லை. பார்ப்பதற்கு ரத்தம் ஏற்றுவது போலத்தான் இருக்கும். கழுத்துக்குக் கீழே பெரிய ரத்தநாளத்தில் பொருத்திய குழாய் வழியாக, ஒரு பையிலிருந்து அடர்சிவப்புத் திரவம் சொட்டுச்சொட்டாக இறங்கும். நோயாளியின் சொந்தச் செல்லையே உறைய வைத்துத் திருப்பி ஏற்றுவதாக இருந்தால், உறைய வைக்கச் சேர்த்த ரசாயனத்தால் அறையே பூண்டு வாடை அடிக்கும். கூட இருப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை, ஓரிரு நாளில் போய்விடும். ஏறிய செல்கள் ரத்தத்தோடு சுற்றித் தாமாகவே மஜ்ஜையைக் கண்டுபிடித்துக் குடியேறுகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளையணு எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கும். வார்டில் எல்லோரும் காத்திருப்பது அந்த எண்ணுக்காகத்தான்.

இதன் விலையும் கனமானது. பழைய மஜ்ஜையைக் காலி செய்யக் கடுமையான கீமோ கொடுக்க வேண்டும். எண்ணிக்கை ஏறும்வரை சின்னத் தொற்றுகூட உயிரைக் கேட்கும். இன்னொருவர் செல்லாக இருந்தால், வந்த செல்களே நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கலாம். நிரூபணமான சிகிச்சையிலேயே இவ்வளவு ஆபத்து என்றால், "பக்கவிளைவே கிடையாது" என்று விற்கப்படும் ஊசியை எவ்வளவு சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்று யோசியுங்கள்.

சுண்ணாம்பு பாக்கெட்டும் கருவிழி ஓரமும்

ரத்தத்துக்கு அடுத்தபடியாக உறுதியான வெற்றி கண்ணில். வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்பு பாக்கெட்டைப் பொட்டிக்கடையில் பார்த்திருப்போம். குழந்தை அதை எடுத்து அழுத்தி விளையாடும். பாக்கெட் வெடித்துக் கண்ணில் தெறிக்கும். காரம் கருவிழியின் ஓரத்தைச் சுட்டுவிடுகிறது. கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் அந்த வளையத்தில்தான் கருவிழியைத் தினமும் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை செத்துப் போனால் வெள்ளை மேலே படர்ந்து பார்வையை மூடிவிடும். தானமாகக் கிடைத்த கருவிழியைப் பொருத்தினாலும், புதுப்பிக்க ஆள் இல்லாததால் நிலைக்காது.

இதற்கு ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தின் வீரேந்தர் சங்வான் குழு 2012இல் வெளியிட்ட முறை மிக எளிமையானது. நோயாளியின் நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துணுக்கு எடுக்கிறார்கள். அதை எட்டுப் பத்துச் சிறு துண்டுகளாக்கி, சுட்டுப்போன கருவிழியின் மேல் பனிக்குடச் சவ்வை (கருவில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய படலம்) பரப்பி, அதன் மேல் வட்டமாக அடுக்கித் திசுப் பசையால் ஒட்டுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் செலவு இல்லை. துண்டுகளிலிருந்து செல்கள் பரவிக் கருவிழியை மூடுகின்றன. ஐரோப்பாவில் இதே பிரச்சினைக்கு ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல் தயாரிப்புக்கு 2015இல் அனுமதி கிடைத்தது. நம் ஊர் முறை அதைவிட மலிவானது என்பது ஒரு பெரிய விஷயம்.

அவசரத்துக்கு ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே, அங்கேயே, சுத்தமான தண்ணீரால் விடாமல் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முதல் சில நிமிடங்களில் ஊற்றும் தண்ணீர் காப்பாற்றுகிற அளவுக்கு எந்த ஸ்டெம் செல்லும் காப்பாற்றாது.

மற்ற உறுப்புகளில் ஏன் திணறல்

ரத்தம் ஓடும் திரவம். கருவிழி மேல்தோல் மெல்லிய ஒரு படலம். இரண்டிலும் செல் போய்ச் சேர்ந்தாலே பாதி வேலை முடிந்தது. தண்டுவடமும் மூளையும் இதயமும் அப்படியல்ல. அங்கே ஒவ்வொரு செல்லும் இன்னொன்றோடு குறிப்பிட்ட விதத்தில் இணைந்திருக்கிறது. மின்வயர் அறுந்த வீட்டுக்குள் புது வயர்ச் சுருளை வீசிவிட்டு வந்தால் விளக்கு எரியாது. விபத்தில் தண்டுவடம் முறிந்தவருக்கு ரத்தநாளத்தில் செல்லை ஏற்றுவதும் ஏறக்குறைய அதுதான்.

தடைகளை வரிசையாகப் பார்க்கலாம்.

1. போய்ச் சேருவது. கை ரத்தநாளத்தில் ஏற்றும் மீசென்கைமல் செல்களில் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிக்கொள்கிறது.

2. பிழைத்திருப்பது. காயம்பட்ட இடத்தில் ரத்தஓட்டம் குறைவு. போய்ச் சேர்ந்தவற்றிலும் பல செத்துவிடுகின்றன.

3. எதிர்ப்பு. இன்னொருவர் செல் என்றால் உடம்பு தாக்கும். அதை அடக்க மருந்து கொடுத்தால் தொற்று வரும்.

4. கட்டி. எதுவாகவும் மாறும் செல், மாறாமல் பெருகிக்கொண்டே போனால் அதுதான் கட்டி. மரபு நோய் உள்ள ஓர் இஸ்ரேலியச் சிறுவனுக்கு மாஸ்கோவில் கருவின் மூளைச் செல்களை மூளையில் செலுத்தினார்கள். பின்னர் அவனுக்கு வந்த கட்டி, கொடுத்த செல்லிலிருந்தே வளர்ந்தது என்று 2009இல் வெளியான ஆய்வறிக்கை காட்டியது.

5. தரம். ஜப்பானில் 2014இல் யமனாகா முறைச் செல்லால் செய்த விழித்திரைப் படலம் முதன்முறையாக ஒரு மூதாட்டியின் கண்ணில் வைக்கப்பட்டது. இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்லில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதும் 2015இல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினார்களே, அதுதான் நேர்மையான ஆய்வின் அடையாளம்.

நேர்மை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ளோரிடா உதாரணம். அங்கே ஒரு கிளினிக்கில் மூன்று பெண்கள் தலா 5,000 டாலர் கட்டி, தங்கள் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த "ஸ்டெம் செல்லை" ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் போட்டுக்கொண்டார்கள். மூவருக்கும் பார்வை கடுமையாகப் பறிபோனது என்று 2017இல் மருத்துவ இதழில் பதிவானது. "உங்க செல்லையே உங்களுக்குப் போடறோம், ஆபத்தே இல்லை" என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் இந்த மூவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை தரும் செய்திகள், அவற்றின் எல்லை

ஆய்வு நின்றுவிடவில்லை, வேகமாகத்தான் போகிறது. 2025இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டெம் செல்லிலிருந்து செய்த இன்சுலின் சுரக்கும் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசியே போடாமல் இருந்தார்கள். இது பெரிய சாதனை. ஆனால் அவர்கள் எல்லோரும் முதல் வகைச் சர்க்கரைக்காரர்கள். அதாவது இன்சுலின் செய்யும் செல்லையே உடம்பு அழித்துவிட்டவர்கள். எதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அந்த ஆய்வில் பங்கேற்ற ஒருவர் மூளை உறைத் தொற்றால் இறந்தார்.

ராயபுரத்திலோ கொருக்குப்பேட்டையிலோ நாற்பது வயதுக்கு மேல் சர்க்கரை வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அவர்கள் உடம்பில் இன்சுலின் இருக்கிறது, உடம்பு அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. முதல் வகைக்கு வந்த செய்தியைக் காட்டி இரண்டாம் வகைக்காரரிடம் ஊசி விற்றால் அது ஏமாற்று.

பார்க்கின்சன் நோய்க்கு அமெரிக்கா, கனடாவில் 12 பேரிடமும் ஜப்பானில் 7 பேரிடமும் நடந்த ஆய்வுகள் 2025இல் வெளிவந்தன. ஸ்டெம் செல்லிலிருந்து செய்து மூளையில் வைத்த செல்கள் பிழைத்திருக்கின்றன, கட்டி வரவில்லை. இத்தனை சிறிய எண்ணிக்கையில் பாதுகாப்பைத்தான் ஓரளவு சொல்ல முடியும். நம் பக்கத்திலேயே வேலூர் சிஎம்சி, ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேரின் ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, ரத்தம் உறைய வைக்கும் மரபணுவைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்த முடிவுகள் 2024 டிசம்பரில் வந்தன. அதன் பிறகு அவர்களுக்கு ரத்தக்கசிவு ஏற்படவில்லை. இங்கேயும் கவனியுங்கள், வென்றது ரத்த ஸ்டெம் செல்தான்.

பீடி, கறுத்த கால்விரல், மூட்டு

வடசென்னைக்கு நெருக்கமான இரண்டு நோய்களில் மட்டும் நிலைமை இடைப்பட்டது.

சுமை தூக்குபவர்கள், வெல்டர்கள், மீன்பிடித் துறைமுகத் தொழிலாளர்கள் என்று பீடி சிகரெட் விடாத இளவயது ஆண்களுக்கு வருவது பெர்கர் நோய். கை கால்களின் சிறு ரத்தக்குழாய்கள் அடைத்து, விரல் நுனி கறுத்து, இரவெல்லாம் தூங்கவிடாத வலி வரும். கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டியிருக்கும். பெங்களூரு நிறுவனம் ஒன்று தானம் பெற்ற மஜ்ஜையிலிருந்து தயாரித்த மீசென்கைமல் செல்லுக்கு 2016இல் இந்நோய்க்காக இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையகம் வரம்புக்குட்பட்ட அனுமதி அளித்தது. பிறகு அது விரிவாக்கப்பட்டது. கெண்டைச் சதையில் ஊசியாகப் போடுகிறார்கள். புது ரத்தக்குழாய் வளரத் தூண்டுவதே நோக்கம். ஆனால் புகையிலையை முழுசாக நிறுத்தாதவரை இந்த நோயை எதுவும் நிறுத்தாது. ஒரு பீடிகூடக் கூடாது.

மூட்டு விஷயத்தில், அதே செல்லுக்கு 2022இல் நடுத்தர நிலையிலுள்ள முழங்கால் தேய்மானத்துக்கு அனுமதி கிடைத்தது. முற்றிலும் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு அல்ல. அந்த நிலையில் மூட்டு மாற்று அறுவைதான் வழி. அது அரசு மருத்துவமனைகளிலேயே காப்பீட்டில் நடக்கிறது. "பிஆர்பி" என்று சொல்லிக் கையில் ரத்தம் எடுத்துச் சுழற்றி மூட்டில் போடுவதில் ஸ்டெம் செல் கிடையாது, ரத்தத் தட்டணுக்கள்தான். அதை ஸ்டெம் செல் என்று சொல்லிப் பணம் வாங்கினால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

விதிகள் என்ன சொல்கின்றன

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது. ரத்தம் தொடர்பான நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று வழக்கமான சிகிச்சை. மற்றவை முறையான அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே, அதுவும் நோயாளியிடம் பணம் வாங்காமல் நடக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகளின்படி ஸ்டெம் செல்லிலிருந்து தயாரிக்கப்படும் பொருள் புது மருந்தாகக் கருதப்படும். தனி ஒப்புதல் வாங்கினால்தான் விற்க முடியும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல, அப்படிச் செய்வது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022 டிசம்பரில் அறிவித்தது.

விதி இருந்தும் கடைகள் நடக்கின்றன. "செல்லை வளர்க்கவில்லை, எடுத்த அன்றே போடுகிறோம், ஆகவே இது மருந்தல்ல" என்று வாதாடுவது அவர்கள் பிடித்துக்கொள்ளும் சந்து. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் தகப்பனிடம் இதை விற்பதுதான் எனக்கு மிகவும் ஆத்திரம் தரும் விஷயம். பேச்சுப் பயிற்சிக்கும் நடத்தைப் பயிற்சிக்கும் போக வேண்டிய பணமும் வயதும் அங்கே வீணாகிறது.

பிரசவத்துக்கு முன் தனியார் நிறுவனங்கள் விற்க வரும் தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பும் இப்படித்தான். தலசீமியா போன்ற மரபு நோய் குழந்தைக்கு வந்தால், அதே குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே மரபுக் குறை இருக்கும், உதவாது. வீட்டில் ஏற்கெனவே அப்படி நோயுள்ள மூத்த பிள்ளை இருந்தால் மட்டும் தம்பி தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பதில் அர்த்தம் உண்டு. பின்னாளில் உதவும் என்று தனியாரிடம் சேமித்து வைப்பதைக் கவுன்சில் பரிந்துரைக்கவில்லை.

காசு கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. "டாக்டர், இது டிரீட்மென்டா, டிரையலா?" நேரடியாகக் கேளுங்கள். சிகிச்சை என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு ஒப்புதல் எந்த நோய்க்கு என்று காட்டட்டும்.

2. டிரையல் என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் இருக்க வேண்டும். 'சிடிஆர்ஐ' என்று தொடங்கும் அந்த எண்ணை இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

3. டிரையல் என்று சொல்லிவிட்டுப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சோதனைக்கு உடம்பைக் கொடுப்பவர் காசும் கொடுக்க வேண்டியதில்லை.

4. சம்மதப் படிவம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அவகாசம் தராத இடம் வேண்டாம்.

5. ஒரே ஊசி பத்து நோய்க்கு என்றால் நம்பாதீர்கள். ஸ்டான்லியிலோ ஜிஎச்சிலோ அந்தந்தத் துறை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கருத்துக் கேட்கச் செலவில்லை.

உண்மையான தட்டுப்பாடு எங்கே

நிரூபணமான மஜ்ஜை மாற்றுக்கு இன்று இருக்கும் பெரிய தடைகளில் ஒன்று, பொருந்தும் கொடையாளர் கிடைக்காதது. உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. குடும்பத்தில் இல்லையென்றால் வெளியே தேட வேண்டும். திசுப் பொருத்தம் வம்சாவளியோடு தொடர்புடையது. நம் மக்களுக்குப் பொருந்துபவர் பெரும்பாலும் நம் மக்களிடையேதான் கிடைப்பார். உலகப் பதிவேடுகளிலோ இந்தியர்கள் மிகக் குறைவு. பெற்றோரின் பாதிப் பொருத்தத்தோடு செய்யும் மாற்று இப்போது பலரைக் காப்பாற்றுகிறது என்றாலும் தேவை தீரவில்லை.

செலவுக்கும் வழி உண்டு. தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா உள்ள குழந்தைகளின் மஜ்ஜை மாற்றுக்குக் கோல் இந்தியா நிதியில் நடக்கும் 'தலசீமியா பால சேவா' திட்டம் 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வேலூர் சிஎம்சி அதில் இருக்கிறது.

பதிவு செய்வது சுலபம். சென்னையிலேயே 2009 முதல் இயங்கும் 'தாத்ரி' போன்ற பதிவேடுகள் 18 முதல் 50 வயது வரையுள்ள ஆரோக்கியமானவர்களைச் சேர்க்கின்றன. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பதோடு அன்றைய வேலை முடிந்தது. பல வருடம் அழைப்பே வராமலும் போகலாம். யாருக்காவது பொருந்தினால் ஐந்து நாள் போல ஊசி போடுவார்கள். அந்த நாட்களில் உடம்பு வலி, தலைவலி இருக்கும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்து, மிச்சத்தை மறு கை வழியாகத் திருப்பி ஏற்றுவார்கள். சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும், மயக்க மருந்து கிடையாது, பெரும்பாலானவர்கள் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். கொடுத்த செல்களைச் சில வாரங்களில் உடம்பே ஈடுகட்டிக்கொள்ளும்.